ஃபார்மட் பண்ண பிறகும் திரும்பி வந்துச்சு

ஆசிரியர் அய்யாவுக்கு வணக்கம்.

நான் கல்லிடைக்குறிச்சில இருந்து எழுதுதேன். வீட்டுல இருந்தே டேலில கணக்கு எழுதி, எங்க ஊர்லயும் அம்பாசமுத்திரத்துலயும் ஒம்பது கடைக்காரங்களுக்கு ஜிஎஸ்டி ரிட்டர்ன் போட்டுக் குடுக்கதுதான் எனக்கு பொழப்பு. போன ஞாயித்துக்கிழமை நம்ம பேப்பர்ல ஒரு பெட்டிச் செய்தி வந்திருந்துச்சு, கம்ப்யூட்டர்ல ட்ரோஜன் வைரஸ் வந்தா பதட்டப்படாதீங்க, பக்கத்து சர்வீஸ் கடைல குடுத்து ஃபார்மட் பண்ணுங்க, புதுசு மாதிரி ஆயிரும்னு. அத படிச்சதுல இருந்து எனக்கு மனசே ஆறல, ஏன்னா நான் அதத்தான் செஞ்சேன், காசு குடுத்து ஃபார்மட் பண்ணி வீட்டுக்கு கொண்டாந்தேன், அதுக்கப்புறமும் அது திரும்பி வந்துச்சு, அது மட்டுமில்ல, என்ன நம்பி பாஸ்வேர்டு குடுத்திருந்த ஒம்பது பேருக்கும் நான் ஃபோன் போட்டு சொல்ல வேண்டியதாப் போச்சு. இத படிக்கிற இன்னொருத்தருக்கு அப்படி நடக்கக் கூடாதுன்னுதான் எழுதுதேன், கொஞ்சம் நீளமா இருந்தாலும் வெட்டாம போடுங்க அய்யா.

நடந்தது என்னன்னா, ஆடி மாசம் எங்க தெரு அம்மன் கோயில் கொடைக்கு நோட்டீஸ் அடிக்கணும்னு சொன்னாவ. எங்க அக்கா மவன் பாளையங்கோட்டைல காலேஜ்ல படிக்கான், நல்ல பிள்ளை, ‘சித்தி நானே டிசைன் பண்ணித் தாறேன்’னு உக்காந்தான். டிசைன் பண்ற சாஃப்ட்வேர் காசு குடுத்து வாங்குறது, அத எங்கயோ ஒரு சைட்ல இருந்து க்ராக்கோட, அதாவது காசு குடுக்காம லைசென்ஸ் பூட்ட உடைக்கிற ஃபைலோட, இறக்கினான். ஜிப் ஃபைலா வந்துச்சு, அதுக்கு பாஸ்வேர்டு 1234, கூடவே ஒரு நோட்பேட் ஃபைல், அதுல இன்ஸ்டால் பண்றதுக்கு முன்னாடி ஆன்டிவைரஸ ஆஃப் பண்ணிடுங்க, இல்லன்னா தப்பா வைரஸ்னு காட்டும்னு எழுதிருந்துச்சு. இவனும் விண்டோஸோடவே வர்ற ஆன்டிவைரஸான டிஃபெண்டர ஆஃப் பண்ணிட்டு, கம்ப்யூட்டர்ல எதையும் மாத்திக்கிடலாம்ங்கிற அட்மின் பர்மிஷன் கேட்டதுக்கு யெஸ் குடுத்துட்டு இன்ஸ்டால் பண்ணான். சாஃப்ட்வேரும் வேலை செஞ்சுது, நோட்டீஸும் அழகா வந்துச்சு, அதனால யாருக்கும் ஒரு சந்தேகமும் வரல.

ஜிப்புக்கு எதுக்கு பாஸ்வேர்டு போடுறாங்கன்னு எனக்கு அப்ப தெரியாது. பாஸ்வேர்டு போட்டு பூட்டுன ஜிப்புக்குள்ள என்ன இருக்குன்னு ஆன்டிவைரஸால எட்டிப் பாக்க முடியாது, அதுக்குத்தான். பூட்டையும் போட்டு சாவியையும் அவனே பக்கத்துல எழுதி வச்சிருக்கான்னா அது யாருக்குத் தெரியக் கூடாதுன்னு பூட்டுனதுன்னு யோசிச்சிருக்கணும்.

மூணு நாள் கழிச்சு சும்மா கிடக்கும்போதே ஃபேன் சத்தம் போட ஆரம்பிச்சுது. குரோம் தொறந்தா வேற ஏதோ ஒரு தேடுற பக்கம் வந்து நிக்கும். டிஃபெண்டர தொறந்தா இந்த செட்டிங்க உங்க அட்மினிஸ்ட்ரேட்டர் நிர்வகிக்கிறாருன்னு வருது, வீட்டுக் கம்ப்யூட்டருக்கு என்னைய விட்டா ஏது அட்மினிஸ்ட்ரேட்டர். சர்வீஸ் கடைக்கு தூக்கிட்டுப் போனேன். அங்க இருந்த அண்ணாச்சி பாத்த உடனே ‘ட்ரோஜன் இருக்கும்மா, ஃபார்மட் போட்டாத்தான் தீரும்’னு சொன்னாரு. எந்த ட்ரோஜன், எப்படி வந்துச்சு, எதுவும் பாக்கல. 800 ரூவா. சாயங்காலமே குடுத்துட்டாரு, விண்டோஸ் புதுசா பளபளன்னு இருந்துச்சு.

இங்கதான் நான் சொல்ல வேண்டிய முக்கியமான விஷயம் இருக்கு. அவரு ஃபார்மட் போட்டது விண்டோஸ் இருக்கிற சி ட்ரைவ மட்டும். டி ட்ரைவ்ல என் டேலி டேட்டா, போட்டோ எல்லாம் இருக்குன்னு அத தொடல. அக்கா மவன் இறக்கின ஜிப்பும் டி ட்ரைவ்லதான் கிடந்துச்சு. மறு சனிக்கிழமை அவன் வந்தான், டிசைன் சாஃப்ட்வேர் இல்லையேன்னு பாத்தான், டி ட்ரைவ்ல செட்டப் இருக்கேன்னு அதே செட்டப்ப அதே மாதிரி டிஃபெண்டர ஆஃப் பண்ணிட்டு திரும்பப் போட்டான். அவன் மேல எனக்கு கோவமே இல்ல. அந்த செட்டப்லதான் வந்துச்சுன்னு அவன்கிட்ட யாரும் சொல்லல, ஏன்னா எனக்கே தெரியாது, எனக்கு சொல்ல வேண்டியவரு பாக்கவே இல்ல.

வைரஸ்ங்கிறது தானா ஒரு ஃபைல்ல இருந்து இன்னொரு ஃபைலுக்கு ஒட்டும், வோர்ம்னு ஒண்ணு இருக்கு அது நெட்வொர்க்ல தானா பரவும், ஆனா ட்ரோஜன் அப்படி இல்ல, அது நமக்கு வேண்டிய ஒரு பொருளோட வேஷத்துல வந்து வாசல்ல நிக்கும், நாமதான் உள்ள கூப்பிடணும். கிரேக்கத்துக்காரங்க மரக்குதிரைக்குள்ள ஆளுங்கள ஒளிச்சு வச்சு ட்ராய் கோட்டைக்குள்ள போன கதைல இருந்து வந்த பேரு. கோட்டைக்காரங்களே இழுத்துட்டுப் போனாங்கன்னுதான் அந்தக் கதை சொல்லுது. அதனாலதான் யாரு எதுக்காக உள்ள கூப்பிட்டாங்கன்னு கண்டுபிடிக்காம விட்டா வீட்ட எத்தனை தடவை கழுவினாலும் திரும்ப வரும்.

ரெண்டாவது தடவை ஃபேன் சத்தம் கூட இல்ல. ஒரு நாள் ராத்திரி ஜிமெயில்ல இருந்து எச்சரிக்கை வந்துச்சு, புது டிவைஸ்ல உங்க கணக்கு தொறந்திருக்குன்னு. காலைல என் பேர்ல இருந்து நாலஞ்சு பேருக்கு இன்வாய்ஸ்னு ஒரு அட்டாச்மென்ட் போயிருந்துச்சு. பாஸ்வேர்ட மாத்தினேன், அதே கம்ப்யூட்டர்ல உக்காந்தே மாத்தினேன், அதுவும் தப்பு. நான் புதுசா அடிக்கிறதையும் அது பாத்துட்டுத்தான் இருந்திருக்கும்.

அப்புறம் ஆத்துப்பாலம் தாண்டி அம்பாசமுத்திரத்துல, டெலிபோன் எக்ஸ்சேஞ்சுல வேலை பாத்து ரிட்டையர் ஆன ஒரு அண்ணாச்சி இருக்காவ, எங்க வீட்டுக்காரங்களுக்கு பழக்கம், அவுகள கூட்டிட்டு வந்தோம். அவுக வந்து உக்காந்ததும் முதல்ல செஞ்சது நெட் கேபிள உருவினதுதான். ‘இது யாரோடயோ பேசிக்கிட்டு இருக்கும்மா, முதல்ல அந்த லைன வெட்டணும், அப்புறம்தான் மத்ததெல்லாம்’னாவ. டெலிபோன்காரவ, அப்படித்தான் யோசிப்பாவ போல. அன்னைக்கு சாயங்காலம் நாலு மணில இருந்து ஒம்பது மணி வரைக்கும் அவுக ஒவ்வொண்ணா காட்டிக் காட்டி செஞ்சத நான் நோட்டுல எழுதி வச்சிருக்கேன்.

கன்ட்ரோல் ஷிஃப்ட் எஸ்கேப் மூணையும் சேர்த்து அமுக்கினா டாஸ்க் மேனேஜர் வரும். அதுல எஸ்விசிஹோஸ்ட்னு ஏகப்பட்டது ஓடிக்கிட்டு இருந்துச்சு, எனக்கு பக்குன்னு ஆயிட்டு, ஆனா அது நிறைய ஓடுறது சாதாரணம்தானாம், விண்டோஸே அப்படித்தான். பாக்க வேண்டியது அது எங்க இருந்து ஓடுதுன்னு. ரைட் கிளிக் பண்ணி ஓபன் ஃபைல் லொகேஷன் குடுத்தா நிஜமானது விண்டோஸ் ஃபோல்டருக்குள்ள சிஸ்டம்32 ஃபோல்டர காட்டும். எல்லாத்தையும் ஒவ்வொண்ணா பாத்துக்கிட்டே வந்தோம், ஒண்ணு மட்டும் என் யூசர் பேருக்குள்ள ஆப்டேட்டா, ரோமிங்னு போய் நின்னுது. பேரு அதே பேரு, இருக்க வேண்டிய இடம் அது இல்ல. ப்ராப்பர்ட்டீஸ்ல போய் பாத்தா டிஜிட்டல் சிக்னேச்சர்னு ஒரு டேபே இல்ல. எங்க ஊர்ல அஞ்சு வீட்டுக்கு ஒரே பேர்ல ஆளு இருப்பாவ, எந்த வளவுன்னு கேட்டாத்தான் யாருன்னு தெரியும், அதே கணக்குதான்.

அத எண்ட் டாஸ்க் பண்ணி ஃபைல டெலிட் பண்ணோம். பத்து நிமிஷத்துல திரும்ப வந்துட்டு. நான் மட்டும் இருந்திருந்தா அங்கயே அழுதிருப்பேன். அண்ணாச்சி டாஸ்க் ஷெட்யூலர தொறந்தாவ, அதுல அப்டேட்னு முடியுற பேர்ல ஒரு வேலை, பத்து நிமிஷத்துக்கு ஒரு தடவை ஓடுற மாதிரி வச்சிருந்துச்சு, அது டெலிட் ஆன ஃபைல வேற ஒரு ஃபோல்டர்ல இருந்து எடுத்து திரும்ப வைக்குது. அதனால ஃபைல மட்டும் அழிச்சு பிரயோஜனம் இல்ல, அத எழுப்பி விடுறது எதுன்னு கண்டுபிடிக்கணும். அதுக்கு ஆட்டோரன்ஸ்னு ஒரு டூல் இருக்கு, மைக்ரோசாஃப்டோட சிஸ்இன்டர்னல்ஸ் பக்கத்துல இலவசமா கிடைக்கும், வேற நல்ல கம்ப்யூட்டர்ல இறக்கி பென்டிரைவ்ல கொண்டு வந்திருந்தாவ. கம்ப்யூட்டர் ஆன் ஆகும்போது என்னெல்லாம் தானா எழும்புதோ, ஸ்டார்ட்அப், ரெஜிஸ்ட்ரி, ஷெட்யூலர், சர்வீஸ், எல்லாத்தையும் ஒரே இடத்துல காட்டும். மைக்ரோசாஃப்ட் சம்பந்தப்பட்டத மறைக்கச் சொன்னா மிச்சம் கொஞ்சம்தான் நிக்கும். அதுல டிக்க எடுத்துவிட்டா ஓடாம நின்னுரும், தப்பாயிட்டுன்னா திரும்ப டிக் போட்டுக்கலாம், அதனால எடுத்த உடனே டெலிட் பண்ணாதீங்கன்னாவ.

அதுக்கப்புறம் காட்டினதுதான் எனக்கு அதிர்ச்சி. விண்டோஸ் செக்யூரிட்டில வைரஸ் அண்ட் த்ரெட் ப்ரொடெக்‌ஷன், மேனேஜ் செட்டிங்ஸ், அடில எக்ஸ்க்ளூஷன்ஸ்னு ஒண்ணு. இங்க இருக்கத ஸ்கேன் பண்ணாதன்னு நாம சொல்லி வைக்கிற இடம். அதுல முழு சி ட்ரைவும் இருந்துச்சு. அந்த ட்ரோஜனே சேர்த்துக்கிட்டிருக்கு. அதாவது அந்த ரெண்டு வாரமும் நான் தினமும் ஸ்கேன் பண்ணி பச்சை டிக் பாத்து நிம்மதியா இருந்ததெல்லாம் ஒண்ணுமே இல்ல. தயவுசெஞ்சு இத படிக்கிறவங்க எல்லாரும் இன்னைக்கே அந்த இடத்த ஒரு தடவை தொறந்து பாருங்க, நீங்க வைக்காதது ஏதாச்சும் இருந்தா எடுத்துருங்க.

அதெல்லாம் எடுத்தப்புறம் ஸ்கேன் ஆப்ஷன்ஸ்ல ஆஃப்லைன் ஸ்கேன்னு இருக்கும், அத குடுத்தாவ. கம்ப்யூட்டர் ரீஸ்டார்ட் ஆகி, விண்டோஸ் முழுசா எழும்புறதுக்கு முன்னாடியே ஸ்கேன் பண்ணும், கிட்டத்தட்ட பதினஞ்சு நிமிஷம் ஆகும். ட்ரோஜன் முழிச்சுக்கிட்டு இருக்கும்போது அது ஒளிஞ்சுக்கும், தூங்கும்போது புடிக்கிறது சுலபம். அதுல ரெண்டு ஃபைல் மாட்டுச்சு. அந்த டி ட்ரைவ் ஜிப்பும் என்னன்னு உறுதியாத் தெரியணும்னு, பிரிச்சு அந்த செட்டப் ஃபைல அவுக வீட்டுக்குப் போய் வைரஸ்டோட்டல்ங்கிற சைட்ல போட்டுப் பாத்தாவ, எழுபது சொச்சம் ஆன்டிவைரஸ் வச்சு ஒரே நேரத்துல பாக்குற இடம் அது, பாதிக்கு மேல சிவப்பா காட்டுச்சு. ஆனா ஒண்ணு, அங்க போடுற ஃபைல பாதுகாப்பு கம்பெனிக்காரங்க எல்லாரும் பாக்க முடியும், அதனால யாரோட பேங்க் ஸ்டேட்மென்ட்டோ ஆதாரோ சந்தேகமா இருக்குன்னு அங்க ஏத்திராதீங்க.

இந்த ஜாதி ட்ரோஜனுக்கு இன்ஃபோஸ்டீலர்னு பேராம், கம்ப்யூட்டர கெடுக்கிறது அதோட வேலை இல்ல, குரோம்ல நாம சேவ் பண்ணி வச்ச பாஸ்வேர்டையும் குக்கீயையும் அள்ளிட்டுப் போறதுதான். குக்கீங்கிறது ஒரு சைட்டுக்குள்ள நாம ஏற்கனவே போயாச்சுன்னு காட்டுற அடையாளச் சீட்டு மாதிரி. லும்மான்னு ஒண்ணு, 2025 மே மாசம் மைக்ரோசாஃப்ட் கோர்ட்டுக்குப் போய் அதோட சைட்டெல்லாம் முடக்குனாங்க, அதுக்கு முந்துன ரெண்டு மாசத்துல மட்டும் உலகத்துல 3,94,000 விண்டோஸ் கம்ப்யூட்டருக்கு மேல அதுல மாட்டிருந்துச்சு. குக்கீ போச்சுன்னா பாஸ்வேர்டும் வேண்டாம் ஓடிபியும் வேண்டாம், ஏற்கனவே தொறந்த கதவு வழியா வர்ற மாதிரி நேரா உள்ள வந்துருவான். அதனால பாஸ்வேர்ட மாத்தினா மட்டும் பத்தாது, வேற சுத்தமான ஃபோன்ல இருந்து மாத்தணும், மாத்தினதும் எல்லா டிவைஸ்லயும் சைன் அவுட் குடுக்கணும், ரெக்கவரி நம்பரும் மெயிலும் நம்மளோடதுதானான்னு பாக்கணும், ஜிமெயில் செட்டிங்ஸ்ல ஃபார்வர்டிங், ஃபில்டர் ரெண்டையும் பாக்கணும். என் மெயில்ல எனக்குத் தெரியாத ஒரு ஃபில்டர் இருந்துச்சு, செக்யூரிட்டின்னு வர்ற மெயில எல்லாம் நேரா குப்பைக்கு அனுப்புறது. அது வைக்கிறதுக்கு முன்னாடி வந்த ஒரே ஒரு எச்சரிக்கைதான் என் கண்ணுல பட்டிருக்கு.

என் குரோம்ல ஒம்பது கடைக்காரங்க ஜிஎஸ்டி பாஸ்வேர்டும் சேவ் ஆகிருந்துச்சு. வேலை சுலபமா இருக்கட்டும்னு நாந்தான் சேவ் பண்ணேன். மறுநாள் காலைல உக்காந்து ஒவ்வொருத்தரா கூப்பிட்டேன். சிமெண்ட் கடைக்காரரு சத்தம் போட்டாரு, அது கூட பரவால்ல. பாத்திரக்கடை வச்சிருக்க ஆச்சி ஒருத்தவ, வீட்டுக்காரரு தவறினதுக்கப்புறம் தனியா கடைய நடத்துறவ, ‘நான் ஒன்ன நம்பித்தானட்டி குடுத்தேன்’னு அந்த ஒரு வார்த்தைதான் சொன்னாவ. நல்லவேளை யாருக்கும் காசு போகல, எல்லாத்தையும் அன்னைக்கே மாத்திட்டோம்.

அய்யா, நான் ஃபார்மட்டே வேண்டாம்னு சொல்லல. இத்தனை செஞ்சப்புறம் அண்ணாச்சியும் ஃபார்மட்தான் போடச் சொன்னாவ, ஏன்னா அட்மின் பர்மிஷன் வாங்கின ஒண்ணு எங்கெங்க என்ன வச்சிருக்குன்னு முழுசா யாராலயும் சொல்ல முடியாது. ஆனா இந்தத் தடவை எது வழியா வந்துச்சுன்னு தெரிஞ்சுக்கிட்டு, பாஸ்வேர்ட மாத்திட்டு, டேலி டேட்டா, போட்டோ, பிடிஎஃப் மட்டும் எடுத்துக்கிட்டு, இஎக்ஸ்இ, பேட்ச் ஃபைல், ஷார்ட்கட்னு கிளிக் பண்ணா ஓடுற எதையும் எடுக்காம, வேற நல்ல கம்ப்யூட்டர்ல மைக்ரோசாஃப்ட் சைட்ல இருந்து 8 ஜிபி பென்டிரைவ்ல விண்டோஸ் இறக்கி, சி ட்ரைவ், டி ட்ரைவ் ரெண்டையும் அழிச்சுட்டுப் போட்டோம்.

அப்பத்தான் இன்னொன்னு தெரிஞ்சுது. என்னோடது ஆபீஸ்ல ஓட்டுன பழைய கம்பெனி டெஸ்க்டாப், செகண்ட் ஹேண்ட்ல வாங்கினது. அந்த மாதிரி மெஷின்ல விண்டோஸ் 8 காலத்துல இருந்தே லைசென்ஸ் கீ மதர்போர்டுலயே பதிஞ்சு வருமாம், அதே எடிஷன போட்டா தானா ஆக்டிவேட் ஆயிரும். எனக்கு ஆச்சு, ஒரு ரூவா செலவில்லாம. ஆனா சர்வீஸ் கடைல 800 ரூவா வாங்கிட்டு பென்டிரைவ்ல இருந்து ஒரு ஆக்டிவேட்டர், அதாவது லைசென்ஸ் இல்லாமலே விண்டோஸ ஆக்டிவேட் பண்ணிக் காட்டுற திருட்டு சாஃப்ட்வேர், போட்டுக் குடுத்திருந்தாவ, ஆஃப்லைன் ஸ்கேன்ல மாட்டின ரெண்டுல ஒண்ணு அதுதான். அவரு கெட்ட எண்ணத்துல செஞ்சாருன்னு நான் சொல்லல, எல்லா கடைலயும் அப்படித்தான் பழகிட்டாவ, ஆனா அந்த ஆக்டிவேட்டர எங்க இருந்து இறக்கினாரு, உள்ள என்ன இருக்குன்னு அவருக்கே தெரியாது, தெரியாத ஒண்ணுக்கு என் கம்ப்யூட்டர்ல அட்மின் பர்மிஷன் குடுத்திருக்காரு. ஒரு கடைக்கு மாசத்துக்கு எத்தனை பிள்ளைங்க லேப்டாப் வரும், அத்தனைக்கும் அதே பென்டிரைவ் போகும். சர்வீஸ் கடை வச்சிருக்க அண்ணாச்சிமாருக்கு ஒரே ஒரு வேண்டுகோள், என்ன இன்ஸ்டால் பண்ணீங்கன்னு பில்லுல எழுதிக் குடுங்க, அது லைசென்ஸ் உள்ளதா இல்லையான்னும் எழுதுங்க, முடிவ நாங்க எடுத்துக்கிடுதோம்.

க்ராக் இல்லாம நம்மள மாதிரி ஆளுங்க எப்படி கம்ப்யூட்டர் வச்சுக்க முடியும்னு கேப்பாவ, நானும் அப்படித்தான் நெனச்சேன். அக்கா மவன் இப்ப இங்க்ஸ்கேப்லதான் டிசைன் பண்ணுதான், போட்டோவுக்கு ஜிம்ப், கடுதாசி அடிக்க லிப்ரே ஆபீஸ், மூணும் இலவசம், திருட்டு கிடையாது. தமிழ் அடிக்க விண்டோஸ் 11லயே தமிழ்99 கீபோர்டு இருக்கு, அதுக்குன்னு தனியா எதையும் இறக்க வேண்டாம். விண்டோஸ் 10 வச்சிருக்கவங்க, 2025 அக்டோபர் 14ஓட அதுக்கு சாதாரணமா வர்ற அப்டேட் நின்னுட்டு, அதையும் பாத்துக்கோங்க.

பென்டிரைவ் பத்தி ஒரு வார்த்தை. ஜெராக்ஸ் கடைல ப்ரிண்ட் எடுத்துட்டு வந்தா ஃபோல்டரெல்லாம் ஷார்ட்கட்டா மாறி நிக்கும், நம்ம ஃபைல் போகல, மறைச்சு வச்சிருக்கும், அந்த ஷார்ட்கட்ட மட்டும் கிளிக் பண்ணிராதீங்க, கிளிக் பண்றதுதான் உள்ள கூப்பிடுறது. ஃபைல் பேரோட வால மறைக்கிறத விண்டோஸ்ல முதல்லயே நிப்பாட்டி வைங்க, வியூ மெனுல ஃபைல் நேம் எக்ஸ்டென்ஷன்ஸ்னு இருக்கும், அப்பத்தான் இன்வாய்ஸ் டாட் பிடிஎஃப்னு தெரியுறது நெசத்துல இன்வாய்ஸ் டாட் பிடிஎஃப் டாட் இஎக்ஸ்இன்னு காட்டிக் குடுக்கும்.

ஆசிரியர் அய்யா, அந்த பெட்டிச் செய்திக்கு பதிலா இன்னொரு பெட்டி போடுங்க. காசு போச்சுன்னா நேரம் கடத்தாம சைபர் மோசடி புகார் நம்பர் 1930க்கு அடிக்கணும்னு போடுங்க, சைபர்க்ரைம் டாட் கவ் டாட் இன்ல புகார் குடுக்கலாம்னு போடுங்க. மத்திய அரசு 2017 பிப்ரவரில சைபர் ஸ்வச்தா கேந்திரான்னு ஒண்ணு ஆரம்பிச்சிருக்கு, அதுல ட்ரோஜன் எடுக்கிற டூல் இலவசமா இருக்கு, குவிக் ஹீல், ஈஸ்கேன், நம்ம சென்னைக்காரங்க கே7 எல்லாரும் குடுத்திருக்காங்க, எங்க ஊர்ல நான் கேட்ட ஒருத்தருக்கும் அது தெரியல. எக்ஸ்க்ளூஷன்ஸ் பாக்குறது எப்படி, ஆஃப்லைன் ஸ்கேன் எங்க இருக்குன்னு படம் போட்டு தமிழ்ல போடுங்க. என் நோட்டு வேணும்னா ஜெராக்ஸ் எடுத்து அனுப்பி வைக்கேன்.

குரோம்ல இப்ப நான் யாரு பாஸ்வேர்டையும் சேவ் பண்றதில்ல. பாத்திரக்கடை ஆச்சி அவுக பாஸ்வேர்ட ஒரு சின்ன டைரில எழுதி முந்தானைல முடிஞ்சு வச்சிருக்காவ, மாசம் 20ம் தேதிக்கு முன்னாடி ரிட்டர்ன் போடுற அன்னைக்கு எங்க வீட்டுக்கு வந்து என் பக்கத்துல உக்காந்து அவுக ஒவ்வொரு எழுத்தா சொல்லச் சொல்ல நான் அடிக்கேன்.

இப்படிக்கு,
கல்லிடைக்குறிச்சி வாசகி